ஆறு நாற்காலிகளும் ஒரு துண்டும்: கப்பல் மேல்தளத் தகராறு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

தண்டையார்பேட்டையில் ஒரே தெருவில் இருக்கும் இரண்டு குடும்பங்கள் கொஞ்ச காலம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. இடையில் சொத்துத் தகராறோ கடன் பாக்கியோ கிடையாது. பினாங்கிலிருந்து சிங்கப்பூர் திரும்பும் ஒரு சொகுசுக் கப்பலில், நீச்சல் குளத்தை ஒட்டிப் போட்டிருந்த சாய்வு நாற்காலிகளால் வந்த வினை. அதே பயணத்தில் நானும் இருந்தேன். ஊர் திரும்பியதும் இரண்டு தரப்பும் தனித்தனியாக வந்து, "நீங்களே சொல்லுங்க, தப்பு யார் மேல?" என்று கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதை இன்னும் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். சீட்டு கட்டி, கூட்டமாகச் சேர்ந்து கப்பல் பயணம் போகும் வழக்கம் எங்கள் பக்கத்தில் கூடிக்கொண்டே வருகிறது. இதே தகராறு இன்னும் பல குடும்பங்களுக்குக் காத்திருக்கிறது.

பெயர்கள் வேண்டாம். நாற்காலி பிடித்து வைத்தவரை அக்கா என்றும், துண்டுகளை எடுத்துவிட்டவரைத் தம்பி என்றும் சொல்கிறேன். தெருவிலும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். கப்பல் எது, நிறுவனம் எது என்பதும் இந்த விஷயத்துக்குத் தேவையில்லை.

பின்னணி

எங்கள் தெருப் பெண்கள் நடத்தும் சீட்டிலிருந்துதான் பயணங்கள் கிளம்பும். வேளாங்கண்ணி, திருப்பதி, கொடைக்கானல் எல்லாம் போய் வந்த பிறகு, இந்த முறை சிங்கப்பூரும் அதோடு மூன்று இரவுக் கப்பலும் என்று முடிவானது. மரினா பே முனையத்தில் சாயங்காலம் கப்பல் கிளம்பும். மறுநாள் மதியம் பினாங்கு. அதற்கு அடுத்த நாள் முழுக்கக் கடல், எங்கேயும் நிற்காது. நாலாம் நாள் காலையில் மறுபடி சிங்கப்பூர்.

இந்தப் பாதை வடசென்னைக்குப் புதிது கிடையாது. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா என்ற கப்பல் பல பத்தாண்டுகள் மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆட்களைக் கொண்டுபோனது. அறை எடுக்க வசதியில்லாத தளப் பயணிகள் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்ற, தொடக்கத்தில் அதற்கு உரிமம் இருந்தது. அவர்களுக்கு நாற்காலி ஏது? பாயை விரித்த இடம்தான் வீடு. ஆனால் அந்தப் பாயில் ஆள் படுத்திருந்தார், பக்கத்தில் அவருடைய பெட்டி இருந்தது, குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பாய் மட்டும் காலியாகக் கிடந்து இன்னொருவர் நிற்க வேண்டி வந்திருந்தால் அங்கே யாரும் பொறுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். தம்பியின் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரஜூலாவில் போய் வந்த பெரியவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். அவர் இந்தச் சண்டையில் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

நடந்தது

கப்பல் எங்கேயும் நிற்காத நாளில்தான் மேல்தளம் நிரம்பி வழியும். துறைமுகத்தில் நிற்கும் நாளில் பாதிப் பேர் இறங்கி ஊர் சுற்றப் போய்விடுவார்கள். கடல் நாளில் எல்லோருக்கும் போக்கிடம் அந்த ஒரு குளக்கரை மட்டும்தான். கப்பலில் இருக்கும் அத்தனை பேருக்கும் போதுமான நாற்காலியை அங்கே போட முடியாது, எந்தக் கப்பலிலும் முடியாது.

அக்கா காலை ஆறரைக்கு எழுந்துவிட்டார். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் போவது. அதாவது ஊரில் அப்போது விடியற்காலை நாலு. தண்ணீர் பிடிக்க அவர் எழுந்திருக்கும் வழக்கமான நேரம். மேல்தளத்துக்குப் போனபோது இன்னும் சரியாக விடியவில்லை. குழந்தைகள் குளத்துக்குப் பக்கத்தில் கூரை நிழல் விழும் வரிசையில் ஆறு நாற்காலிகள் மேல் கப்பல் கொடுத்த துண்டுகளை விரித்தார். ஒன்றின் மேல் செருப்பு, ஒன்றின் மேல் தண்ணீர் பாட்டில், இன்னொன்றின் மேல் பேரனின் பை. அப்புறம் கீழே போய், பேரப்பிள்ளைகளை எழுப்பி, குளிக்க வைத்து, காலை உணவுக்கு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனார்.

தம்பி தன் அப்பா அம்மாவோடு மேலே வந்தது ஒன்பது மணி வாக்கில். அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் வலி, ஊன்றுகோல் இல்லாமல் நிற்க முடியாது. நிழலில் காலி நாற்காலி ஒன்றுகூட இல்லை, ஆனால் ஆட்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளும் அதிகமில்லை. வரிசையின் பெரும்பகுதியில் துண்டுகள்தான் படுத்திருந்தன. தம்பி பணியாளர் ஒருவரிடம் கேட்டார். "கொஞ்சம் பொறுங்கள், பார்க்கிறோம்" என்று பதில் வந்தது. முக்கால் மணி நேரம் போனது. அம்மா குளத்தின் விளிம்புத் திண்டில் உட்கார்ந்திருந்தார், முகத்தில் வெயில். கடைசியில் தம்பி அந்த வரிசையில் இரண்டு நாற்காலிகளிலிருந்த துண்டையும் பையையும் எடுத்துப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு, அப்பா அம்மாவை உட்கார வைத்தார். அது யாருடைய இடம் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

பத்தேகாலுக்கு அக்கா பிள்ளைகளோடு வந்தார்.

"இன்னா தம்பி, துண்டு போட்டிருக்கிறது கண்ணுக்குத் தெரியலயா?"

"தெரிஞ்சுதான் எடுத்தேன் அக்கா. உங்களுதுன்னு தெரியாது. ஒரு மணி நேரமா பார்க்கிறேன், யாரும் வரல."

"பசங்களுக்கு சோறு ஊட்டாம இங்கயே காவல் காக்கச் சொல்றியா?"

இதோடு நின்றிருந்தால் மத்தியானச் சாப்பாட்டில் சமாதானம் ஆகியிருக்கும். ஆனால் மேசையில் வைத்த பையைத் தேடினால் அதில் பேரனின் மூக்குக்கண்ணாடி இல்லை. ஒரு துண்டும் காணோம். துண்டு காணாமல் போனால் அறைக் கணக்கில் 25 டாலர் ஏறும். கோபத்தில் அக்கா சொன்னார்: "வயசானவங்கள காட்டி இடம் புடிக்கிறியா?" தம்பியின் அம்மா எழுந்துவிட்டார். கூப்பிடக் கூப்பிட நிற்காமல், அந்த முட்டியோடு, லிப்ட் வரைக்கும் நடந்து அறைக்குப் போய்விட்டார். மீதிப் பயணம் முழுக்க மேல்தளத்துக்கு வரவே இல்லை.

கண்ணாடி அன்று சாயங்காலமே கிடைத்தது. யாரோ ஒருவர் கீழே கிடந்ததை எடுத்து வரவேற்பு மேசையில் கொடுத்திருந்தார். துண்டு கிடைக்கவில்லை.

அக்கா சொல்வது

அக்காவின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. சின்னப் பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அது சௌகரியத்துக்காகக் கேட்பது கிடையாது, பிள்ளைகளின் உயிரைக் காப்பதற்காகக் கேட்பது. வேறு எங்கோ ஒரு மூலையில் கிடைக்கும் நாற்காலி அதற்கு உதவாது. இரண்டாவது, அவர் சீக்கிரம் எழுந்தார், மற்றவர்கள் தூங்கினார்கள். முந்தி வந்தவருக்கு முந்தின இடம் என்பதில் என்ன தப்பு என்று கேட்கிறார். மூன்றாவதாக அவர் சொன்னதுதான் என்னை நிறைய யோசிக்க வைத்தது: "நம்ம தெருவுல குடம் வச்சு வரிசை போடுறோமே, அது மட்டும் சரியா? அதே மாதிரிதானே இது?"

தம்பியின் வாதம் சுருக்கமானது. காலியாக இருக்கும் பொருளை, தேவைப்படும் ஆள் பயன்படுத்தினார். கேட்க வேண்டியவரிடம் கேட்டார், வேலை நடக்கவில்லை. தன் கையால் எதையும் தூக்கி எறியவில்லை, எடுத்து மேசை மேல்தான் வைத்தார்.

நிழல் என்ற சரக்கு

தீர்ப்புக்கு முன்னால் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டவர்கள் இந்தத் தகராறைப் பற்றிப் பேசும்போது இது வருவதே இல்லை. ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருபவர்களுக்கு அந்த நாற்காலி வெயில் காய்வதற்கானது. குளிர் நாட்டில் வருஷம் முழுக்கக் கிடைக்காத வெயிலைத் தேடி வருகிறார்கள். அதனால் மேல்தளத்தின் நடுவில், திறந்த வெளியில்தான் நாற்காலிகளை வரிசை வரிசையாகப் போட்டிருப்பார்கள். நமக்கு அப்படியா? காசிமேட்டு வெயிலில் நின்று மீன் வாங்கிப் பழகியவர்கள் காசு கொடுத்து வெயிலில் படுப்பார்களா? நமக்கு வேண்டியது நிழல், காற்று, பக்கத்தில் பேச ஆள். நிலநடுக்கோட்டை ஒட்டிய கடலில் பதினோரு மணிக்கு மேல் திறந்த தளத்தில் வெறுங்காலோடு நடக்க முடியாது. ஆக எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் குறிவைப்பது கூரையடியில் இருக்கும் அந்த ஒரு சின்ன வரிசையை மட்டும்தான். வெட்டவெளியில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும்போதே நிழலில் சண்டை நடக்கும். அன்றும் அப்படித்தான் நடந்தது. "அங்கே இடம் இருக்கிறதே" என்று பணியாளர் கையைக் காட்டியது தம்பியின் அம்மாவுக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

இன்னொன்று. நம் பெண்களில் பலர் குளத்தில் இறங்குவதே இல்லை. குளத்தில் இறங்க நீச்சல் உடை கட்டாயம், சேலையோடும் நைட்டியோடும் விட மாட்டார்கள். அதனால் நாற்காலிதான் அவர்களுக்குக் குளக்கரையில் கிடைக்கும் முழு அனுபவம். மற்றவர் குளித்துவிட்டு வந்து பத்து நிமிஷம் சாய்ந்துவிட்டுப் போவார். நம்மவர் உட்கார்ந்தால் மதியம் வரை எழுந்திருக்க மாட்டார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆள் உட்கார்ந்திருக்கும் வரை அந்த இடம் அவருடையதுதான், எவ்வளவு நேரமானாலும். பிரச்சினை ஆளில்லாத நேரத்தைப் பற்றியது மட்டுமே.

கப்பல்கள் என்ன சொல்கின்றன

நாற்காலி பிடிக்கும் பழக்கம் நேற்று வந்ததில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் அட்லாண்டிக் கடலைக் கடந்த பெரிய கப்பல்களில் மேல்தள நாற்காலியை வாடகைக்குக் கொடுத்தார்கள். டைட்டானிக் கப்பலை நடத்திய ஒயிட் ஸ்டார் லைன், பயணம் முழுவதற்கும் ஒரு நாற்காலிக்கு 4 ஷில்லிங், அதாவது 1 டாலர், வாங்கியது. காசு கட்டினவருக்கு நாற்காலி, அதில் மறுபேச்சு இல்லை. பின்னாளில் சொகுசுக் கப்பல்கள் நாற்காலியை எல்லோருக்கும் இலவசமாக்கின. அப்போதுதான் துண்டு வேலையைக் காட்டத் தொடங்கியது.

இப்போது பெரிய நிறுவனங்கள் நேரக் கணக்கு வைத்திருக்கின்றன. கார்னிவல் கப்பல்களில் ஆளில்லாத நாற்காலியில் பணியாளர் நேரம் குறித்த சீட்டு ஒன்றை ஒட்டுவார். 40 நிமிஷத்துக்குள் யாரும் வராவிட்டால் அதில் இருக்கும் பொருட்களை எடுத்துத் துண்டு கொடுக்கும் இடத்தில் பத்திரமாக வைத்துவிடுவார்கள். ராயல் கரீபியனில் 30 நிமிஷம். நாங்கள் போன கப்பலிலும் அரை மணி நேரம்தான். அறைக்குள் தினமும் வைக்கும் நிகழ்ச்சித் தாளில் அது அச்சிட்டிருந்தது, ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில். அக்காவும் தம்பியும் அதைப் படிக்கவில்லை. மேல்தளத்தில் பெரிய பலகையாக வைத்திருந்தால் படித்திருப்பார்கள்.

விதி இருந்தும் பணியாளர் ஏன் அசையவில்லை? அவர் நிலைமையையும் பார்க்க வேண்டும். பயணம் முடிந்ததும் பயணி மதிப்பெண் போடுவார், அது பணியாளரின் வேலையைத் தொடும். ஒருவர் துண்டை எடுத்தால் இன்னொருவர் சத்தம் போடுவார். சத்தமே வராத வழி, ஒன்றும் செய்யாமல் இருப்பது. மேலே இருப்பவர்கள் கண்டிப்பாக நின்றால்தான் கீழே இருப்பவர் துணிந்து அந்தச் சீட்டை ஒட்டுவார். இந்தத் தகராறில் முதல் பொறுப்பு கப்பலுடையது என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான். அந்த முக்கால் மணி நேரத்தில் ஒரு பணியாளர் வந்து பையை எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தால் கண்ணாடியும் தொலைந்திருக்காது, துண்டும் தொலைந்திருக்காது.

நான் நினைப்பது இருக்கட்டும், ஜெர்மனியில் நீதிமன்றமே இப்படி ஒரு தீர்ப்பைச் சொல்லியிருக்கிறது. கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவுக்குக் குடும்பத்தோடு போன ஒருவர், விடுதிக் குளக்கரை நாற்காலிகளை மற்ற விருந்தினர்கள் காலையிலேயே துண்டு போட்டுப் பிடித்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார். அரை மணிக்கு மேல் ஆளில்லாமல் வைக்கக் கூடாது என்று விடுதி விதியே இருந்தது, ஆனால் யாரும் அதை நடைமுறைப்படுத்தவில்லை. ஹானோவர் நகர நீதிமன்றம் 2023-இல், பயணத்தை விற்ற நிறுவனம் அவருக்குச் சுமார் 320 யூரோ திருப்பித் தர வேண்டும் என்றது. ஆளுக்கொரு நாற்காலி கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. விருந்தினர் எண்ணிக்கைக்குப் பொருத்தமான அளவில் இருக்க வேண்டும், சிலர் மடக்கி வைத்தால் நிர்வாகம் தலையிட வேண்டும் என்றது. துண்டு போட்ட சக விருந்தினர்கள் மேல் அந்தக் குடும்பம் பாயவில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்க வேண்டிய இடத்தில் கேட்டது.

விற்றுவிடலாம் என்று யோசித்தவர்களும் உண்டு. 2018-இல் தாமஸ் குக் நிறுவனம் சில விடுதிகளில் 25 யூரோ கட்டினால் விடுமுறை முழுக்க விரும்பிய நாற்காலியை முன்பதிவு செய்துகொள்ளலாம் என்று அறிவித்தது. எனக்கு இதில் உடன்பாடில்லை. டிக்கெட்டுக்கே சீட்டுப் பணம் சேர்த்து வந்த குடும்பம், நிழலுக்கும் தனியாகக் காசு கட்ட வேண்டுமா? அப்படி விற்கத் தொடங்கினால் கட்ட முடியாதவர் வெயிலில்தான் உட்கார வேண்டும்.

குடம் வேறு, துண்டு வேறு

இப்போது அக்கா கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்தபோது எங்கள் தெருவில் குடங்கள் வளைந்து வளைந்து அடுத்த தெருவரைக்கும் நின்றன. மெட்ரோ வாட்டர் லாரி எந்த நாளில் வரும் என்று தெரியும், எத்தனை மணிக்கு என்று தெரியாது. பச்சை, நீலம், ஆரஞ்சு, கழுத்தில் துணி கட்டினது, பெயிண்டில் எழுத்துப் போட்டது என்று ஒவ்வொரு குடமும் யாருடையது என எல்லோருக்கும் தெரியும். ஒரு வீட்டுக்கு இத்தனைதான் என்று கணக்கு உண்டு. அதற்கு மேல் வைத்தால் அங்கேயே கேட்டுவிடுவார்கள். குடத்தை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகலாம். ஹார்ன் சத்தம் கேட்டு வராவிட்டால் பக்கத்துக் குடத்துக்காரர் அதை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுத் தன் குடத்தைப் பிடிப்பார். நகர்த்துவாரே தவிர உதைக்க மாட்டார். உரியவர் ஓடி வந்து கொஞ்சம் கத்துவார், அப்புறம் பின்னால் போய் நிற்பார்.

இந்த ஏற்பாட்டை நான் மனதார மதிக்கிறேன். போலீஸ் இல்லை, அலுவலர் இல்லை, எழுதி வைத்த விதி இல்லை. பெண்களே கட்டி, பெண்களே காப்பாற்றி வரும் ஒழுங்கு. அதனால்தான் அக்கா அதைச் சாட்சிக்குக் கூப்பிட்டபோது உடனே பதில் சொல்ல முடியவில்லை. யோசித்துப் பார்த்தபோது வித்தியாசம் புரிந்தது.

குடம் வரிசையில் நிற்கும்போது லாரி இன்னும் வரவில்லை. அந்தக் குடம் காத்திருப்பதால் யாருக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் குறைவதில்லை. லாரி வந்துவிட்டால் குடத்துக்கு மரியாதை இல்லை, ஆள் வந்தாக வேண்டும். அதாவது குடம் முறையைத்தான் பிடித்து வைக்கிறது, தண்ணீரை மடக்கி வைக்கவில்லை. நாற்காலியில் கிடக்கும் துண்டு அப்படியில்லை. அங்கே லாரி ஏற்கெனவே வந்து நிற்கிறது, குழாய் திறந்திருக்கிறது. துண்டு கிடக்கும் ஒவ்வொரு நிமிஷமும் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டிய நிழல் யாருக்கும் பயன்படாமல் போகிறது. அக்கா துண்டு விரித்ததிலிருந்து தம்பி எடுக்கும் வரை அந்த ஆறு நாற்காலிகளில் ஒருவரும் உட்காரவில்லை. அந்த நேரத்தில் அங்கே எத்தனை முட்டி வலிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்களோ.

நான் இதைச் சொன்னதும் அக்கா ரொம்ப நேரம் யோசித்தார். "சரி, ஆனா எங்க தெருவுல வராதவங்க குடத்த நகர்த்தலாம்னு எல்லாருக்கும் தெரியும். தம்பிக்கு அங்க அந்த உரிமை யார் குடுத்தா?" என்று திருப்பிக் கேட்டார். மிகச் சரியான கேள்வி. தெருவில் குடத்தை நகர்த்துபவர் அதே வரிசையில் நிற்பவர், குடம் யாருடையது என்று தெரிந்தவர், வந்து கேட்டால் அதே இடத்தில் பதில் சொல்பவர். கப்பலில் தம்பிக்கு அது யார் பை என்றே தெரியாது. ஆயிரக்கணக்கான முகம் தெரியாதவர்கள் நடமாடும் இடத்தில் ஒரு குழந்தையின் பையை மேசை மேல் வைப்பது ஏறக்குறைய நடுத்தெருவில் வைப்பதுதான். நாற்காலி மேல் அக்காவுக்கு இருந்த பாத்தியதை அரை மணியில் போய்விட்டது, உண்மை. பைக்குள் இருந்த கண்ணாடி மேல் இருந்தது போகவில்லையே.

நான் சொன்ன முடிவு

அக்காவிடம்: பிள்ளைகள் பக்கத்தில் இருக்க உங்களுக்கு நாற்காலி வேண்டும் என்பது நியாயம். அதற்கு ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. பிள்ளைகள் குளத்தில் இறங்கும் நேரத்தில் வந்து பிடித்திருக்க வேண்டும், அவர்கள் இன்னும் போர்வைக்குள் இருக்கும்போது கிடையாது. மீதி நான்கும் எப்போது வருவார்கள் என்றே தெரியாதவர்களுக்காகப் பிடித்தது. முந்தி எழுந்தவருக்கு முந்தி உட்காரும் உரிமை உண்டு. உட்காராமலே இடத்தை மடக்கி வைக்கும் உரிமை கிடையாது. அதைவிடப் பெரிய தப்பு, அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்ன வார்த்தை. நாற்காலி விஷயத்தில் உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் அந்த வார்த்தைக்கு நியாயம் இல்லை.

தம்பியிடம்: உன் அம்மாவுக்கு அந்த இடம் வேண்டும் என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. உன் கை பட்டதுதான் தப்பு. முதல் பணியாளர் அசையவில்லை என்றால் அவருடைய மேலாளரிடம் போயிருக்கலாம், வரவேற்பு மேசைக்கு போன் போட்டிருக்கலாம். "அம்மாவால் நிற்க முடியவில்லை, இரண்டு நாற்காலி நிழலில் வேண்டும்" என்று காரணத்தோடு கேட்டால் அந்தக் கப்பலில் யாரும் தட்டிக்கழித்திருக்க மாட்டார்கள். விதியைக் காட்டிக் கேட்பதைவிட அது சீக்கிரம் வேலை செய்யும். அக்கம்பக்கம் உட்கார்ந்திருந்தவர்களிடம் "இது யாருடையது தெரியுமா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே, தண்டையார்பேட்டைக் கூட்டம் என்று தெரிய வந்திருக்கும். இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த எங்களில் யாராவது சொல்லியிருப்போம். எதுவுமே நடக்காத பட்சத்திலும், பொருளைத் தொடுவது பணியாளர் வேலை. அவர் எடுத்தால் அது எங்கே போகிறது என்று பதிவு இருக்கும், தொலைந்தால் கப்பல் பதில் சொல்லும். நீ எடுத்தால் நீதான் பதில் சொல்ல வேண்டும். அதனால் 25 டாலர் உன்னுடையது.

தம்பி அன்றே ரூபாயாகக் கணக்குப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா வாங்கிக்கொண்டார், அதில் எந்தச் சங்கடமும் காட்டவில்லை, அது சரிதான். அவர் தம்பி வீட்டுக்குப் போக இன்னும் கொஞ்ச நாள் எடுத்தது. போனார். அந்த அம்மாவிடம் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த பயணத்துக்கு

அடுத்த பயணத்துக்குச் சீட்டுக் கூட்டத்தில் பேசி முடிவு செய்தார்கள். கூட்டத்தில் யாராவது ஒருவர் நேரில் உட்கார்ந்திருந்தால், கழிப்பறைக்கோ சாப்பாடு எடுக்கவோ போனவருக்காகப் பக்கத்தில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளலாம். வெறும் துண்டு போட்டு வைக்கக் கூடாது. கண்ணாடி, மருந்து, போன் எதையும் நாற்காலியில் விட்டுப் போகக் கூடாது. நிழல் கிடைத்தால் முதலில் முட்டி வலிக்காரர்கள், கைக்குழந்தைக்காரர்கள். ஒரே இடத்தில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்துதான் தீர வேண்டும் என்பதில்லை. பேசுவதற்குத்தான் தெரு இருக்கிறதே என்று ஒரு பெரியம்மா சொன்னார், அது எடுபட்டது. தெரியாதவர்களின் துண்டு கிடந்தால் நேராகப் பணியாளரைக் கூப்பிட்டு நேரச் சீட்டு ஒட்டச் சொல்ல வேண்டும். கப்பலில் ஏறியதும் இங்கிலீஷ் தெரிந்த பிள்ளைகள் அன்றாடத் தாளைப் படித்து எல்லோருக்கும் தமிழில் சொல்லிவிட வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் இன்னும் ஒத்துப்போகவில்லை. தனியாக வருபவருக்குப் பக்கத்தில் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அவர் குளத்தில் இறங்கினாலே நாற்காலி காலிதான். அவர் துண்டை மதிக்க வேண்டும் என்பது என் கருத்து. அவர் கண்ணுக்கு எட்டிய தூரத்தில், தண்ணீருக்குள்தான் இருக்கிறார், அந்த அரை மணி நேர விதி இவரைப் போன்றவர்களுக்காகத்தான் இருக்கிறது. அக்காவோ, குளத்துக்குள் இருப்பவரை அந்தக் கூட்டத்தில் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது, அப்படிப் பார்த்தால் எல்லாத் துண்டையும் மதிக்க வேண்டியதுதான் என்கிறார். தம்பி என் பக்கம். சீட்டுக் கூட்டத்தில் இதை வாக்குக்கு விடவில்லை. கப்பலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள்.